துடைப்பம் வேண்டாம் தம்பி

'இருளர் பிள்ளைங்க திருடுவாங்க'ங்கிற பேரை மாத்த, நீங்க டியூஷன் எடுக்கிற அந்தப் பிள்ளைங்களை வெச்சு கடலூர் சில்வர் பீச்சைக் கூட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் தம்பி. துடைப்பத்தைக் கொடுத்தா, 'இவங்க வேலையே இதுதானே'ன்னு சொல்லிட்டு ஊர் போயிடும். இருளர் பாம்பு பிடிக்கிறதுல பேர் போன பழங்குடி. அவங்களுக்குத் தெரிஞ்சதை ஊருக்குச் சொல்லித் தரட்டும்.

மழைக்காலத்துல கெடிலம் ஆத்தங்கரையோர வீடுகள்ல பாம்பு நுழையும். இருளர் பெரியவர் ஒருத்தரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. கட்டுவிரியன் எது, கண்ணாடி விரியன் எது, கடிச்சா கட்டாம கீறாம உடனே பெரியாஸ்பத்திரின்னு அவர் சொல்லட்டும். பிள்ளைங்க படம் வரைஞ்சு காட்டட்டும். (உயிருள்ள பாம்பு மட்டும் கூடாது, கேஸ் ஆயிடும்.) 1978-ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கிற விஷம்தான் விஷமுறிவு மருந்துக்குப் போகுது, 2023-ல ரெண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ. அதையும் சொல்லுங்க.

எங்க தெருவுல இதைச் செஞ்சப்போ முறைச்சிட்டே நின்ன ஒரு அம்மா, கடைசியில "கொல்லையில புத்து இருக்கு, வந்து பாக்கறீங்களா?"ன்னாங்க. அந்தப் பெரியவரை அவங்க 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அன்னிக்குத்தான்.