நான் எழுதிய புரோகிராமின் கீழே 'இது பப்ளிக் டொமைன்', அதாவது யாருக்கும் உரிமையில்லாத பொதுச் சொத்து, என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா? லைசென்ஸ் எதற்கு?

போதாது. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்கு எஸ்க்யூலைட்டைப் பாருங்கள். உங்கள் போனுக்குள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் அது. அதன் சோர்ஸ் ஃபைலைத் திறந்தால், லைசென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாழ்த்து இருக்கும்: நல்லது செய்யுங்கள், பிறரை மன்னியுங்கள், கொடுப்பதற்கு மேல் எடுக்காதீர்கள் என்கிற மாதிரி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஸ்க்யூலைட்டுக்குக் கோட் எழுதியவர்கள் 'என் பங்கைப் பொதுவுக்கு விட்டுவிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அசல் பத்திரங்கள் தீப்பிடிக்காத பெட்டகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வெளியாள் அனுப்பும் கோடை லேசில் சேர்ப்பதில்லை. இத்தனைக்கும் பிறகு, 'எங்கள் வக்கீல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்' என்று வந்து நிற்கும் கம்பெனிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரு உரிமப் பத்திரமும் தருகிறார்கள். இலவசப் பொருளுக்கு! எல்லா நாட்டுச் சட்டமும் இப்படி உரிமையை உதறுவதை ஏற்பதில்லை என்பதுதான் காரணம். ஜெர்மனியில் படைப்பாளி தன் பதிப்புரிமையை முழுசாகத் துறக்கவே முடியாது.

நம் நாட்டில் துறக்கலாம். பதிப்புரிமைச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி பதிவாளருக்கு உரிய படிவத்தில் அறிவிக்க வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பொது அறிவிப்பும் செல்லும். புரோகிராமோடு வைக்கும் விளக்கக் குறிப்பான ரீட்மீ ஃபைலின் கடைசி வரி 'பொது அறிவிப்பு' ஆகுமா? அந்த வழக்கை நீங்கள்தான் நடத்த வேண்டியிருக்கும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் உரிமை உங்களிடமே தங்கும். சட்டத்தின் கண்ணில் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான், எனவே உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு. பாரதியார் 1921இல் இறந்தார். அப்போதெல்லாம் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டுதான். சட்டத்தின் போக்கில் விட்டிருந்தால் 1971 முடியக் காத்திருந்திருப்போம். 1949இல் அரசு உரிமையை வாங்கி, பிறகு பொதுவுக்கு விட்டதால்தான் முன்கூட்டியே கிடைத்தது.

லைசென்ஸ் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாருக்கும் அனுமதி கொடுக்கிறீர்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் கொண்டுவந்த ஜிபிஎல் லைசென்ஸ் நிற்பதே பதிப்புரிமையின் மேல்தான். என் கோடை மாற்றி விநியோகித்தால் உன் மாற்றத்தின் சோர்ஸையும் கொடு என்று உரிமை உள்ளவர்தானே நிபந்தனை போட முடியும்? பப்ளிக் டொமைனில் விட்டதை ஒருவர் மெருகேற்றிப் பூட்டி விற்றால் நீங்கள் வாயைத் திறக்க முடியாது. அது பரவாயில்லை என்றால் எம்ஐடி லைசென்ஸ் போடுங்கள். என் பெயரை நீக்காதே, பழுதானால் என்னைக் கேட்காதே, அவ்வளவுதான் அதன் சாரம். அந்த இரண்டாவது பாதிக்காகவாவது போடுங்கள்.

சிசி0 என்றும் சிலர் சொல்வார்கள். உரிமையை முழுசாக விட்டுக்கொடுக்க கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு எழுதி வைத்திருக்கும் பத்திரம் அது. எழுத்துக்கும் படத்துக்கும் நல்லது. ஆனால் அது பேட்டன்ட் உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. 2022இல் ஃபெடோரா என்கிற லினக்ஸ் திட்டம் இதைச் சொல்லித்தான் கோடுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது.

நான் வேலை பார்க்கும் இடத்தில் லைசென்ஸ் ஃபைல் இல்லாத லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த கோட் தொகுப்பை, எங்கள் புரோகிராமில் சேர்க்க விடமாட்டார்கள். கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கக் கிடக்கிறதே என்றால், பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம் (அங்கேயே தன் கணக்கில் நகல் எடுக்கலாம்), அதற்கு மேல் அனுமதி எங்கே என்று கேட்பார்கள். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைக் காட்டினாலும் இதே கதைதான்.

அப்புறம் ஒன்று. இந்த புரோகிராமை ஆபீஸ் வேலையின் பகுதியாக எழுதினீர்களா? அப்படியானால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி முதல் உரிமையாளர் உங்கள் முதலாளி. லைசென்ஸ் தேடும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிடுங்கள்.