சும்மா ஆடுவது

அன்புள்ள ஐயா,

ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 53. உங்கள் தளத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

போன மாதம் என் அண்ணன் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. சாப்பாட்டுக்குப் பிறகு டிஜே வைத்தார்கள். அண்ணி கையைப் பிடித்து இழுத்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அதை ஆட்டம் என்று சொல்லவே முடியாது. குதித்தேன், கையை வீசினேன், சுற்றினேன், கொண்டை அவிழ்ந்துவிட்டது. ராத்திரி படுக்கும்போது உடம்பில் பாரமே இல்லாததுபோல் இருந்தது. மறுநாள் ஒரு பையன் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். பெங்களூரில் இருக்கும் என் மகன் போன் செய்து, "என்னம்மா இவ்ளோ லோக்கலா ஆடியிருக்கீங்க, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றான். என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை.

நான் செய்தது வயதுக்குத் தகாத காரியமா? இன்னொன்று, எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நடைப்பயிற்சி சலித்துவிட்டது. ஆட்டத்தையே உடற்பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் பக்கம் வள்ளிக்கும்மி சொல்லித்தருகிறார்கள். டவுனில் ஜும்பா வகுப்பும் இருக்கிறது. எதில் சேரலாம்? முட்டி வலியும் கொஞ்சம் உண்டு.

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மணி,

உங்கள் ஊர் வழக்கப்படியே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முட்டி வலிக்கு எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆடுகிறேன் என்று சொல்லிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வீடியோ போட்ட பையனை விட்டுவிடுங்கள், அவன் இல்லாவிட்டால் இன்னொருவன் போட்டிருப்பான். வயதைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்களுக்குப் பக்கத்தில், மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பனுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு 87 வயது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த மனிதர். கணக்கு டீச்சர்தானே, 87இல் 53ஐக் கழித்துப் பாருங்கள்.

சரி, இதற்கெல்லாம் நான் பதில் எழுத உட்காரவில்லை. உங்கள் கடிதம் வந்த நேரத்தில் சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. அதில் 52ஆம் பாட்டு உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் முழவு ஒலிக்கத் துணங்கை என்ற கூத்து நடக்கிறது. அரசன் அதில் புகுந்து, பெண்களுக்கு முதல் கை கொடுத்து ஆடுகிறான். அரசிக்குக் கோபம் வந்துவிடுகிறது. கையிலிருந்த சிறிய செங்குவளைப் பூவை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். "அதை எனக்குக் கொடு" என்று இவன் கையை நீட்டுகிறான். "நீ எனக்கு யார்?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். ஒரு பூவை வாங்கத் தெரியாத நீ எப்படியப்பா பகைவரின் கோட்டையைப் பிடிக்கிறாய் என்று புலவர் அவனைச் சீண்டுகிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். மற்ற பெண்களோடு ஆடினான் என்பதுதான் அரசியின் கோபம். ராஜா போய் ஆடலாமா, நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளும் கேட்கவில்லை, புலவரும் கேட்கவில்லை.

துணங்கை எப்படி ஆடுவது என்பதற்குப் பழைய உரைகளில் ஒரு சூத்திரம் காட்டுவார்கள். இரண்டு கைகளையும் மடக்கி, முழங்கையால் விலாவில் அடித்துக்கொண்டே ஆட வேண்டும். எழுந்து நின்று செய்து பாருங்கள். நான் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் செய்து பார்த்தேன். கட்டிப்போட்ட கோழி பறக்கப் பார்ப்பதுபோல் இருக்கிறது. கம்பீரத்துக்கு அதில் இடமே கிடையாது. சேர நாட்டு ராஜா செய்தது இதைத்தான். திருமுருகாற்றுப்படையில் போர்க்களத்துப் பேய்மகள் ஆடுவதும் இதைத்தான். அவளிடம் யாரும் வயது கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

கடிதத்தின் பாதிவரை ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். உடம்பில் பாரமே இல்லாததுபோல் இருந்தது என்கிறீர்கள். படிக்கிற எனக்கே சந்தோஷமாக இருந்தது. அடுத்த பத்தியில் திடீரென்று சர்க்கரை வந்துவிடுகிறது. ஏன்? ஆடியது பிடித்திருந்தது, இன்னும் ஆட வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு வரி எழுத உங்களால் முடியவில்லை. அதற்கு ஒரு டாக்டர் சீட்டு தேவைப்படுகிறது. நாளைக்கு மகன் கேட்டால், "சுகருக்காகத்தான் தம்பி ஆடுறேன்" என்று சொல்லலாம் இல்லையா?

நம் ஊரில் சாமி வந்து ஆடினால் யாரும் தப்பு சொல்வதில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக் குறி கேட்கிறார்கள். சாவு வீட்டில் தப்பு மேளத்துக்கு முன்னால் ஆடினால் தப்பில்லை, துக்கம் தாங்காமல் ஆடுகிறான் என்பார்கள். தண்ணி போட்டுவிட்டு ஆடினால் சுத்தமாகத் தப்பே இல்லை, மாப்பிள்ளை போதையில் இருக்கிறார் என்று சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். டாக்டர் சொல்லி ஆடினால் இப்போது மரியாதைகூட உண்டு. சும்மா ஆடினால்தான் குற்றம்.

அதிலும் இந்தக் குடியைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது. எந்தக் கல்யாணத்திலும் பாருங்கள். பெண்கள் ஆட ஆரம்பிக்கும்போது ஆண்கள் சுவரோரமாக நிற்பார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பெண்டாட்டியின் கைப்பை. முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. கால் மட்டும் பேண்டுக்குள் தாளம் போடும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் டம்ளர்கள் கைமாறும். திரும்பி வரும்போது சட்டைப் பித்தான் இரண்டு கழன்றிருக்கும், அப்புறம் ஆடுவார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆட்டம். குடித்தது அதற்கு அனுமதி வாங்க. நாளைக்கு யாராவது கேட்டால் "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா" என்று சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த சிலருக்கு எல்லாமே நன்றாக ஞாபகம் இருக்கிறது. குடிக்காமல் ஆடத் தெரிந்த ஆண்களை நம் ஊரில் பத்து வயதுக்குள்தான் பார்க்கலாம். அதற்கு மேல் வாலிபம், மீசை, மானம் எல்லாம் வந்துவிடுகிறது. டாஸ்மாக் வருமானத்தில் ஒரு பங்கு இந்த வெட்கத்திலிருந்து வருகிறது என்பது என் கட்சி. யாரிடமும் இதை நிரூபிக்க நான் தயாரில்லை.

நீங்கள் எதையும் குடிக்காமல், சாமி வராமல், டாக்டர் சொல்லாமல், கொண்டை அவிழ ஆடியிருக்கிறீர்கள். அதைச் செய்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் கடிதம் எழுதுகிறீர்கள்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். முளைப்பாரி போட்டால் ராத்திரி ராத்திரி பெண்கள் சுற்றி நின்று கும்மியடிப்பார்கள். என் பெரியம்மா சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர். முளைப்பாரிப் பக்கம் அவர் போகக்கூடாது. தள்ளி, சுவரோரமாக நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பார். அவர் பாட்டுக்குத்தான் மற்றவர்கள் கும்மியடிப்பார்கள், அதற்கு மட்டும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எல்லாம் முடிந்து ஆண்கள் படுக்கப் போனதும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இன்னொன்று ஆரம்பிக்கும். பெரியம்மா என் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வருவார். யாராவது அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுவார்கள். பஸ் கண்டக்டர் எப்படி நடப்பார், பஞ்சாயத்துத் தலைவர் எப்படித் தொப்பையைத் தூக்கிவைத்து உட்காருவார், வட்டிக்காரர் எப்படி விரல் விட்டு எண்ணுவார் என்று எல்லாவற்றையும் ஆட்டமாகவே ஆடிக் காட்டுவார். கடைசியில் என் அப்பா வருவார். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார், வாத்தியார் சிரித்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று நம்பியவர். பிரம்பை ஓங்கிக்கொண்டு ஒரு பையனைத் துரத்தும்போது அவருடைய வேட்டி அவிழ்கிற காட்சி வரும். அதற்குப் பிறகு நடிப்பு, பாட்டு எதுவும் இருக்காது. அத்தனை பெண்களும் எழுந்து கண்டபடி ஆடுவார்கள். என் அம்மா ஆடியதை அங்கே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தொழுவத்தில் மாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

அப்பாவுக்கு இது தெரியாது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அவர் தெருமுனையில் டார்ச்சை அணைத்துவிட்டு நிற்பாராம், பக்கத்து வீட்டுத் தாத்தா பின்னால் சொன்னார். ஆட்டம் ஓயும்வரை நின்றுவிட்டு, வாசலுக்கு வரும்போது வேண்டுமென்றே பலமாக இருமுவார். உள்ளே அவசர அவசரமாகச் சீலையைச் சரிசெய்துகொள்வார்கள். மறுநாள் அவருடைய சட்டை துவைத்துக் கொடியில் காயும், ஏன் துவைத்தாய் என்று அவர் கேட்டதே இல்லை.

விடிந்ததும் களையெடுக்கப் போகிற கூட்டத்தில் பெரியம்மாதான் முன்னால் நடப்பார். ராத்திரி தூங்கவே இல்லை, ஆனால் அன்றைக்கு அவர் கை ஓடுகிற ஓட்டத்துக்கு மற்றவர்கள் ஈடுகொடுக்க முடியாது. ஆடினால் உடம்பு களைத்துப்போகும் என்கிற கணக்கு அவரிடம் செல்லுபடியாகவில்லை. இதற்கு விஞ்ஞானம் கேட்பீர்கள், உங்களைப் போன்றவர்கள் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசிலில் பள்ளிப் பிள்ளைகளை ஆடவைத்துப் பார்த்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கி, எவ்வளவு தாங்குகிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். ஒரே மாதிரி சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. மூச்சு வாங்க ஆடியவர்களுக்கும் கூடியிருந்தது. கூட ஆடியவர்களிடம் ஒட்டுதலும் கூடியது. போதுமா? சீட்டு வாங்கியாயிற்று, மகனுக்கு அனுப்பிவிடுங்கள்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. 'லோக்கல்' என்கிறார். அவர் அலுவலக ஆண்டு விழாவில் இதே பாட்டுக்கு, மேடையில், ஒரே நிற டீஷர்ட்டில் ஆடியிருப்பார், அதற்குப் பெயர் வேறு. தப்பையும் உறுமியையும் அடித்தவர்களை ஊருக்கு வெளியே வைத்தோம். அந்த அடிக்கு ஆடுகிற காலும் மட்டம் என்று வீட்டுக்குள் சொல்லிக்கொடுத்தோம். பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரை ஆடியவர்களைக் கேவலம் பேசிய அதே நடுத்தர வர்க்கம், 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய காலத்திலிருந்து தன் பெண்களை அதே ஆட்டத்துக்கு மேடையேற்றியது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சட்டம் போட்டு நிறுத்தியது நியாயம், முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் பட்ட பாடு பெரிது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நம் வீடுகளில் ஆட்டம் என்றால் பல வருடம் கற்க வேண்டியது, அழைப்பிதழ் அடித்து அரங்கேற்ற வேண்டியது, முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது என்று ஆகிவிட்டது. கற்காமல் ஆடுவதெல்லாம் லோக்கல். சரி, லோக்கல்தான். ஈரோட்டில் இருந்துகொண்டு வேறு எப்படி ஆடுவது?

உங்கள் கணவர் கோபப்பட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. பேசவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆடும்போது அவர் எங்கே நின்றார் என்று யோசித்துப் பாருங்கள். கைப்பை யார் கையில் இருந்தது? அண்ணி உங்கள் கையைப் பிடித்து இழுத்தார். உங்கள் கணவரின் கையை இழுக்க யாரும் வரவில்லை. அவரும் மண்டபத்துக்குப் பின்னால் போய்வந்திருந்தால் துணிந்து இறங்கியிருப்பார். போகாத மனிதர் என்று தோன்றுகிறது. அப்படிப்பட்டவரை அடுத்த கல்யாணத்தில் நீங்கள்தான் இழுக்க வேண்டும். வரமாட்டேன் என்பார், ஒரு முறைக்கு இரண்டு முறை இழுங்கள்.

வகுப்பைப் பற்றி மறந்தேபோனேன். வள்ளிக்கும்மி அழகு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதற்கும் அடவு உண்டு, சீருடைச் சேலை உண்டு, அரங்கேற்றம் உண்டு, ஒரு கால் மாறினால் வரிசையே உங்களைத் திரும்பிப் பார்க்கும். நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரிசையைக் கட்டி மேய்ப்பவர் நீங்கள். சாயங்காலமும் அதுவே வேண்டுமென்றால் சேருங்கள். ஜும்பா என்பது கொலம்பியாவின் காலி நகரத்தில் ஓர் உடற்பயிற்சி வாத்தியார் வகுப்புக்கான கேசட்டை மறந்துவிட்டு வந்து, கையில் இருந்த சல்சா பாட்டைப் போட்டு ஒப்பேற்றியதில் பிறந்தது என்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. மாதக் கட்டணம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. முதல் வகுப்பை இலவசமாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஈரோட்டுக்காரருக்குப் பேரம் பேச நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்புடன்