அம்பாசடர் பாடியை முன்பின்னாகத் திருப்பி மாட்டலாமா?

கேள்வி: வீட்டில் ஓடாத அம்பாசடர் ஒன்று நிற்கிறது. அமெரிக்காவில் பாடியை முன்பின்னாகத் திருப்பி மாட்டிய கார் ஓடுவதை வீடியோவில் பார்த்தேன். எங்கள் கல்லூரி விழாவுக்கு அதேபோல் ஒன்று செய்ய முடியுமா? ரிவர்ஸ் கியரில் ஓட்டினாலே போதாதா? ரோட்டில் எடுத்துப் போகலாமா? (கோவை வாசகர்)

பதில்: முதலில் ரிவர்ஸ் கியர் யோசனையைக் கைவிடுங்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சு சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். அதனால்தான் திருப்பத்தில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் தானாக நேராகிறது. பின்னோக்கி ஓடும்போது அதே சாய்வு எதிராக வேலை செய்யும். ரிவர்ஸில் கொஞ்சம் வேகம் எடுத்தவுடன் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஓடப் பார்க்கும், கவனித்திருப்பீர்கள். அதுதான் காரணம். கழுத்துவலி தனி.

அப்புறம், அம்பாசடரில் திருப்பி மாட்டத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரையும் பாடியும் ஒரே கூடு. பத்மினியும் மாருதி 800-ம் அப்படித்தான். ஜிப்சி, பொலேரோ, ஜீப் போன்றவற்றில்தான் ஏணி மாதிரியான சேஸின் மேல் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, உங்களுக்கு இரண்டாவது வண்டி ஒன்று வேண்டும், அதுவும் நன்றாக ஓடுகிற வண்டி.

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். பாடியைத் திருப்புவது செயின் பிளாக்கும் நாலு பேரும் இருந்தால் அரை நாள் வேலை. டிரைவரைத் திருப்புவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்: ஸ்டீயரிங் ராடு, பெடல், பிரேக் பைப் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். ஆகவே அவற்றைத் தொடவே தொடாதீர்கள். ஓடும் வண்டியின் சீட், பெடல், டேஷ்போர்டு அத்தனையும் இருந்த இடத்தில் இருக்கட்டும். அம்பாசடரின் தரையை அறுத்து, உள்ளே எல்லாம் கழற்றி, வெறும் கூட்டைச் சட்டை மாட்டுவதுபோல் மேலிருந்து இறக்குங்கள். அமெரிக்காவில் 500 டாலர் கார்களுக்கென்றே ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்று ஒரு கேலிப் பந்தயம் நடக்கிறது. அதில் 2013-ல் தலைகீழாகக் கவிழ்ந்தபடி ஓடிய கமாரோவும் இந்த வித்தைதான். உள்ளே ஓடியது ஃபோர்ட் ஃபெஸ்டிவா, கமாரோ வெறும் வேஷம்.

எந்த வண்டி? அம்பாசடரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,464 மி.மீ. பொலேரோ 2,680, இருபது சென்டிமீட்டருக்கு மேல் நீளம். ஜிப்சி 2,375, வித்தியாசம் 89 மி.மீ.தான். என் ஓட்டு ஜிப்சிக்கு. இரண்டிலும் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் நடுப்புள்ளியைச் சாக்பீஸால் குறித்து, தூக்குக்குண்டு விட்டு ஒன்றின் மேல் ஒன்றை வையுங்கள். முன்னும் பின்னும் நாலரை சென்டிமீட்டர் பிசகும், அவ்வளவே. ஆனால் அம்பாசடரின் பின்சக்கர வளைவு சக்கரத்தை மேலிருந்து மூடி இறங்கும். இப்போது அதற்குள் திரும்புகிற சக்கரம் வருகிறது. வளைவை வெட்டி அகலமாக்காமல் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் தகரத்தில் உரசிக் கிழியும். சும்மா நிற்கும் வண்டியில் பார்த்தால் போதாது. ஆட்களை ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள்.

இன்ஜின் இப்போது டிக்கிக்குள் இருக்கும். டிக்கி மூடியில் காற்று நுழைய வழியில்லை. நம்பர் பிளேட் இருந்த இடத்தைச் சுற்றி வெட்டி வலை அடிக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் ரேடியேட்டர் கொதித்துவிடும்.

கண்ணாடி விஷயத்தில் சமரசம் வேண்டாம். பின்கண்ணாடி டஃபன்டு வகை, கல் பட்டால் ஒரே நொடியில் பொடிப்பொடியாகும். அதைக் கழற்றிவிட்டு, உடைந்தாலும் சிதறாமல் ஒட்டி நிற்கும் லேமினேட்டடு கண்ணாடி வெட்டிப் போடுங்கள். கூரையைத் தாங்கும் பின்பக்கத் தூண்கள் வேறு தடிமன், ஓரமாக நடந்து வருகிறவர் அப்படியே மறைந்துவிடுவார். வண்டியோடு பக்கத்துக்கு ஒருவர் நடந்து வரட்டும். கதவுகளின் கீல் பின்னால் போய்விடுவதால் பூட்டு நழுவினால் காற்று கதவைப் பிடித்து விரித்துவிடும், கொக்கி போடுங்கள். எல்லாக் கதவையும் வெல்டு அடித்து மூடிவிட வேண்டாம், தீப்பிடித்தால் வெளியே வர வேண்டாமா?

ரோடு? முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182-ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் கெஞ்சிப் பயனில்லை. கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், மைதானத்தைக் கயிறு கட்டி மறித்து, ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். பழைய ஹெட்லைட் இரண்டும் இப்போது பின்னால் இருக்கும். அவற்றின் வயரைப் பிடுங்கிவிடுங்கள். இருட்டில் அவை எரிந்தால் வண்டி எந்தப் பக்கம் வரப்போகிறது என்று யாருக்கும் புரியாது.