“உங்க மொழி செத்துப்போச்சு சார்!”

கேள்வி: எனக்கு வயது 39. கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். தொலைபேசி அழைப்புப் பதிவுகளைப் பிரித்து பில் கணக்குப் போடும் புரோகிராம்கள் என் பொறுப்பு. எல்லாம் பெர்ல் மொழியில் எழுதியவை. இப்போது அத்தனையையும் பைத்தானுக்கு மாற்றப்போகிறார்கள். போன வாரம் மீட்டிங்கில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், “பெர்ல் செத்துப்போச்சு சார்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த மொழிகள்தானே? பெர்ல் அவ்வளவு மட்டமா? ஒரு மொழி ஜெயிப்பதும் இன்னொன்று பின்தங்குவதும் எதை வைத்து? நான் இனி என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மொழி மட்டமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் பல வருடம் பெர்லில் எழுதிச் சம்பளம் வாங்கியவள். அந்தச் சிரிப்பு உங்களுக்கு எங்கே வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தைக் கெடுத்தது ஒரு பையன் சொன்ன வார்த்தை மட்டுமல்ல, 14 வருட உழைப்பு வீணா என்ற கேள்வி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்தால் பாதி வருத்தம் குறையும்.

பெர்லை உருவாக்கிய லாரி வால் மொழியியல் படித்தவர். எழுத்தே இல்லாத ஒரு மொழியைத் தேடிப் போய் அதற்கு எழுத்து அமைத்துத் தரவேண்டும் என்பது அவரும் மனைவியும் வைத்திருந்த திட்டம். உடல்நிலை காரணமாக அது நடக்கவில்லை. கணினிப் பக்கம் வந்தார், 1987 டிசம்பரில் பெர்லை வெளியிட்டார். பைத்தான் அதற்கு இரண்டு வருடம் இளையது. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ராசம் எழுத ஆரம்பித்து, 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். ஆக, நீங்கள் சொல்வது சரி. இரண்டும் ஒரே தலைமுறைதான். அது மட்டுமில்லை, முதல் பத்துப் பதினைந்து வருடம் முன்னால் ஓடியது பெர்ல்தான். தொண்ணூறுகளில் வலைத்தளங்கள் முளைத்தபோது, ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் சர்வரில் அதை வாங்கிப் பதில் சொன்ன புரோகிராம் பெரும்பாலும் பெர்லாக இருந்தது. எழுத்துக்கோப்புகளைப் பிரித்து மேய அதை மிஞ்ச அன்று ஆளில்லை. உங்கள் அழைப்புப் பதிவுகளும் அப்படிப்பட்ட கோப்புகள்தானே? அந்த வேலைக்குப் பெர்லைத் தேர்ந்தெடுத்தவர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அப்புறம் என்ன ஆயிற்று? முதலில் வலைத்தளங்கள் கைவிட்டுப் போயின. பி.எச்.பி என்ற மொழி வந்தது. மாதம் சொற்பக் காசுக்கு இடம் வாடகைக்கு விடும் சர்வர்களில் அதை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். கோப்பை ஏற்றினால் போதும், பக்கம் ஓடும். பெர்லில் வேகமாக ஓடவேண்டுமானால் சர்வரையே தனியாக அமைக்க வேண்டும், அந்த உரிமை வாடகைக்காரருக்குக் கிடையாது. மொழியாக எடுத்துக்கொண்டால் அந்தக் காலத்துப் பி.எச்.பி பெர்லுக்கு உறைபோடக் காணாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் முதல் பக்கத்தை ஐந்து நிமிடத்தில் ஓடவிட்டவர் அதற்குப் பிறகு வேறு மொழியைத் தேடிப் போகமாட்டார். ஜாவாஸ்கிரிப்ட் கதையும் இதுதான். 1995 மே மாதம் பத்தே நாளில் உருவான மொழி. பிரவுசருக்குள் ஓடுவது அது ஒன்றுதான் என்றான பிறகு, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லாரும் படித்தார்கள்.

பைத்தான் விஷயம் வேறு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். இன்று அந்தப் பையன் பைத்தானைக் கொண்டாடுவது செயற்கை நுண்ணறிவைப் பார்த்து. ஆனால் விதை விழுந்தது 1995-ல். எண்களை வரிசை வரிசையாக, அட்டவணை அட்டவணையாக வைத்துக் கணக்குப் போட வேண்டிய சில விஞ்ஞானிகள் பைத்தானுக்கு ஒரு லைப்ரரி, அதாவது எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளத் தயாராக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, எழுதினார்கள். அவர்களுக்கு ஒரு சங்கடம். அட்டவணையில் இந்த வரிசை முதல் அந்த வரிசை வரை, ஒன்றுவிட்டு ஒன்றாக எடு என்று சுருக்கமாக எழுத மொழியில் வழியில்லை. கேட்டார்கள். கைடோ மொழியின் இலக்கணத்திலேயே அதற்கு இடம் செய்து கொடுத்தார். அன்று அவர்கள் கைவிரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம், பைத்தானின் மற்ற உபயோகிப்பாளர்களுக்கு அந்த வசதி தேவையே இல்லை. இருந்தும் செய்தார்.

பெர்லிலும் அடுத்த வருடமே வானியல் ஆட்கள் இதே மாதிரி ஒரு தொகுப்பைத் தொடங்கினார்கள், நல்ல தொகுப்புதான். ஆனால் எந்த வரிசை முதல் எந்த வரிசை வரை என்பதை மேற்கோள் குறிக்குள் ஒரு சொல்லாக எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. ஒன்று வீட்டுக்குள் அறை ஒதுக்கிக் கொடுப்பது, இன்னொன்று திண்ணையில் உட்காரச் சொல்வது. இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

விஞ்ஞானிகள் பைத்தான் பக்கம் சேர்ந்தார்கள். ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் வந்தார். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைத் திரையில் பார்க்க ஜான் ஹன்டர் என்ற ஆராய்ச்சியாளர் எழுதியதுதான் இன்று உலகம் முழுக்க வரைபடம் போடப் பயன்படும் மேட்பிளாட்லிப். 2006-ல் எண் கணக்குக்கான நம்பை, 2008-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் அட்டவணைத் தரவுகளுக்கான பாண்டாஸ் என்று லைப்ரரிகள் ஒன்றின் மேல் ஒன்றாக எழும்பின. 2015 நவம்பரில் கூகுள் செயற்கை நுண்ணறிவுக்கான டென்சர்ஃப்ளோ லைப்ரரியை வெளியிட்டபோது, ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இடம் பைத்தான். அதனால் அந்தக் கதவு வழியாகவே அதுவும் வந்தது. இருபது வருடம் சேர்ந்த கூட்டம் அது.

இனி ஒரு கசப்பு. பெர்ல் படிக்கக் கஷ்டம் என்பார்களே, அதில் உண்மை உண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பெர்லில் விலைகளின் பட்டியல் ஒன்று வைத்திருந்தால் அதன் பெயர் @விலை. அதிலிருந்து முதல் விலையை மட்டும் எடுக்க $விலை[0] என்று எழுதவேண்டும். பட்டியலுக்கு ஒரு குறி, அதே பட்டியலில் ஒன்றை எடுத்தால் வேறு குறி! புதிதாக வருபவர் முதல் வாரம் இங்கேயே தடுக்கி விழுவார். லாரி வால் மனதில் இருந்தது என்ன தெரியுமா? ஒருமை, பன்மை. டாலர் குறி ஒருமைக்கு, @ பன்மைக்கு. பல விலைகளிலிருந்து ஒரு விலையை எடுத்தால் அது ஒருமைதானே, அதனால் டாலர். மொழியியல் படித்தவர் மட்டுமே இப்படி யோசிக்க முடியும். எனக்கு இன்றும் இது அழகாகத் தெரிகிறது. ஆனால் இந்த அழகு தெரிய ஆறு மாதம் கூடவே இருக்க வேண்டும். பைத்தான் ஆறு மாதம் கேட்பதில்லை. பூச்சி ஆராய்பவரும் கணக்குப் பிள்ளையும் சனி ஞாயிறில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடலாம். எண்ணிக்கை அங்கேதான் கூடியது.

அடுத்தது, 2000-ஆம் ஆண்டு. ஜூலையில் கலிபோர்னியாவின் மான்டெரேயில் பெர்ல்காரர்கள் கூடியிருந்தார்கள். மொழி தேங்கிவிட்டது, யாருக்கும் உற்சாகமில்லை என்ற ஆற்றாமையில் ஜான் ஆர்வன்ட் என்பவர் காபிக் கோப்பைகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் வீசினார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பெர்லை அடியிலிருந்து புதிதாகக் கட்டுவோம் என்ற முடிவு. ஆறாம் பதிப்பு என்று பெயர் வைத்தார்கள். வந்து சேர்ந்தது 2015 டிசம்பரில்! 2019-ல் அது தனி மொழி என்றாகி ராகு (Raku) என்று பெயர் மாற்றமும் ஆயிற்று. இடையில் ஐந்தாம் பதிப்பு ஒழுங்காகவே வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் வெளியே இருப்பவர் காதில் விழுந்தது “ஆறு வரப்போகிறது” என்பதுதான். கல்யாணத் தேதி குறிக்காமல் பதினைந்து வருடம் இழுத்தால் பெண்வீட்டார் வேறு இடம் பார்ப்பார்களா மாட்டார்களா?

பைத்தானும் இதே தப்பைச் செய்தது. 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பில் பழைய புரோகிராம்கள் ஓடவில்லை. பழையதை முழுக்க விட்டொழிக்க 2020 ஜனவரி 1 வரை ஆனது. ஆனால் புதியது கையில் இருந்தது, பழையதையும் பேணினார்கள், விஞ்ஞானிகள் கூட்டமும் கலையவில்லை. தப்பு ஒன்றுதான், தாங்கிப் பிடிக்க ஆள் இருந்ததால் பிழைத்துக்கொண்டது.

2013-ல் லியோ மெயரோவிச், ஏரியல் ராப்கின் என்ற இருவர் புரோகிராமர்கள் மொழியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விரிவாகக் கேட்டு ஆராய்ந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் லைப்ரரிகள், ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் புரோகிராம், கூட வேலை செய்பவர்களின் பழக்கம், இவைதான் முன்னால் நின்றன. மொழிக்குள் இருக்கும் வசதிகள் பின்னால்தான் வந்தன. நீங்கள் கேட்ட ‘எதை வைத்து’ என்பதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. பைத்தான் நல்ல மொழி, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பெர்லை அது முந்தியது, நீங்கள் வேலை தெரியாதவர் என்பதற்குச் சாட்சி ஆகாது.

செத்துப்போச்சு என்ற பேச்சும் தவறு. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் புதிய மென்பொருளை நிறுவும்போது உங்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் கருவி பெர்ல். புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் (Git) கருவியின் சில பகுதிகள் பெர்ல். அந்தப் பையன் பைத்தானில் ஒரு வரியிலிருந்து தேதியையோ தொலைபேசி எண்ணையோ பிடித்து எடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுவான் இல்லையா? அந்த எழுத்து முறை பெர்லிலிருந்து போனது. பைத்தானின் ஆவணமே பெர்லில் உள்ளது போன்றது என்றுதான் அதை அறிமுகப்படுத்துகிறது. உங்கள் 14 வருடத்தில் பாதி இதற்குத்தானே போயிருக்கும்? அது அப்படியே உங்களோடு வரும்.

சரி, இனி செய்யவேண்டியது. பைத்தான் படியுங்கள், தயங்க வேண்டாம். புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அலுத்துப்போகும். நீங்கள் எழுதியதில் சின்னதாக, நன்றாகத் தெரிந்த ஒரு ஸ்கிரிப்டை எடுத்துத் திருப்பி எழுதுங்கள். ஒரே நாளின் பதிவுகளை இரண்டிலும் ஓட்டி, பில் தொகை பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாத இடங்களில்தான் உங்கள் உண்மையான சரக்கு இருக்கிறது. நள்ளிரவைத் தாண்டும் அழைப்பை எந்த நாளில் சேர்ப்பது, பாதியில் துண்டித்து மறுபடி இணைந்ததை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா, பழைய கருவி அனுப்பும் கோணல் தேதியை எப்படி நேராக்குவது என்று உங்கள் பெர்லில் எங்கோ ஒரு மூலையில் ஒற்றை வரியாகக் கிடக்கும். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது உங்கள் அலுவலகத்தில் உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? அவற்றை இன்றிலிருந்தே சாதாரணத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வையுங்கள். மாற்றும் வேலையை ஏற்றுக்கொள்ள நீங்களே முன்வந்து மேலதிகாரியிடம் கேளுங்கள், அந்தக் குறிப்புகளோடு போய்க் கேளுங்கள்.

அந்தப் பையனிடம் மீட்டிங்கில் வாதாட வேண்டாம். அவன் வயதில் நாம் கோபால் (COBOL) என்ற பழைய மொழியைப் பற்றி என்னென்ன பேசியிருப்போம்! அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நள்ளிரவு அழைப்பைக் கையாளும் அந்த வரியைக் காட்டுங்கள். அவன் பைத்தானில் எழுதட்டும், நீங்கள் சரிபாருங்கள்.