மனநல மருந்து தொடங்கிய பிறகு தம்பியால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, இரவிலும் வளவைச் சுற்றி நடக்கிறான். மருந்தை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், பழைய வருத்தம் திரும்பிவிடும். ஆனால் அடுத்த கிளினிக் திகதி வரை பொறுத்திருக்கவும் வேண்டாம்.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். என் அண்ணாவுக்கு ரிஸ்பெரிடோன் அளவைக் கூட்டிய பிறகு இதே நிலைதான். சாப்பாட்டுக் கோப்பையோடு முற்றத்தில் நடந்துகொண்டே சாப்பிடுவார். நின்றாலும் கால் மாற்றிக் கால் மாற்றித்தான் நிற்பார். வருத்தம் முற்றிவிட்டது என்று அம்மா நூல் கட்டப் புறப்பட்டுவிட்டா.

இதற்கு அகதீசியா என்று பெயர். மருந்து தொடங்கியோ கூட்டியோ சில நாட்களில், சில வாரங்களில் வரும். ஹலோபெரிடோல், மாத ஊசியாகப் போடும் ஃப்ளூபெனசீன், அரிப்பிப்பிரசோல் எல்லாவற்றுக்கும் வரலாம். சத்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட்டுக்குக்கூட வருகிறது.

சிக்கல் என்னவென்றால், பார்ப்பவர்களுக்கு இது நோய் கூடியது போலவே தெரியும். "அந்தரப்படுறான், நித்திரையில்லை" என்று மட்டும் சொன்னால் மருந்தைக் கூட்டிவிடுவார்கள். நடை இன்னும் கூடும். கிளினிக்கில் சனம் நிறைந்த நாளில் டொக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். ஆகவே மருந்து மாறிய நாளையும் நடை தொடங்கிய நாளையும் ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். இருக்கும்போது என்ன செய்கிறது என்று தம்பியிடமே கேளுங்கள். அண்ணா சொன்னது, "பயம் ஒண்டும் இல்லை, கால்தான் இருக்க விடுகுதில்லை." அதை அப்படியே டொக்டரிடம் சொன்னோம்.

அளவைக் குறைப்பதுதான் பெரும்பாலும் முதல் வழி. சரிவராவிட்டால் குவெட்டியாபின் போல இந்தத் தொல்லை குறைந்த மருந்துக்கு மாற்றலாம். கூடவே புரொப்பிரனோலோல் கொடுப்பார்கள். தொய்வு (ஆஸ்துமா), குறைந்த பிரஷர், மெதுவான நாடித்துடிப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொய்வுக்காரருக்கு அது ஆபத்து. பாமசியில் நீங்களாகக் கேட்டு வாங்கவே கூடாது. நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் நன்றாக வேலை செய்யும் பென்செக்சோல் குளிசையை இதற்கு அவ்வளவாக நம்ப முடியாது. சிலருக்குக் குறைந்த அளவு மிர்ட்டசபின், அல்லது கொஞ்சக் காலத்துக்குக் குளோனசெபாம். உடலில் இரும்புச்சத்துக் குறைவும் இதோடு தொடர்புபடுவதால் இரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்டுப் பாருங்கள். அண்ணாவுக்கு அளவைக் குறைத்து, புரொப்பிரனோலோலும் கொடுத்த பிறகு அடங்கியது. இப்போது முழுப் படமும் இருந்து பார்க்கிறார், நாங்கள்தான் எழும்பிப் போகிறோம்!

தம்பிக்குப் போட்டது மாத ஊசி என்றால், ஏறிய மருந்து இறங்க வாரக்கணக்காகும். அதனால் இன்னும் கெதியாகப் போய்க் காட்டுங்கள்.

இந்த அவதி தாங்காமல் உயிரை மாய்க்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வன்னியில் வயல் செய்கிற வீடு என்றால் பூச்சிமருந்துப் போத்தல் இல்லாமல் இராது. அதை இன்றைக்கே பூட்டி வையுங்கள். சாவைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.