கடற்படைத் தளத்தில் வேலை என்று 3 லட்சம் கேட்கிறார்... கொடுக்கலாமா?

கேள்வி: அரக்கோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ராஜாளி கடற்படைத் தளத்து விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் தாழ்ந்து போகும். மகனுக்கு 20 வயது. பத்தாவது முடித்து ஐடிஐ ஃபிட்டர் படித்திருக்கிறான். என் மாமனார் கடற்படையில் 15 வருஷம் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவர். 71 பாகிஸ்தான் போரின்போது விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தார். வரும் ஜனவரியில் அவருக்கு 80 வயது முடிகிறது. உள்ளூர்க்காரன், படைவீரர் பேரன் என்ற முறையில் மகனுக்குத் தளத்தில் முன்னுரிமை உண்டா? தெரிந்தவர் ஒருவர் 3 லட்சம் கொடுத்தால் உள்ளே சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். இன்னொன்று, ஊர்ப் பையன்கள் மாமனாருக்குப் பாராட்டு விழா நடத்த ஆசைப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த 3 லட்சம். கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

நான் கடற்படையில் ரைட்டராக இருந்தவன். கப்பலில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு அங்கே அதுதான் பெயர். சம்பளம், விடுப்பு, பென்ஷன் என்று காகிதங்களோடு காலம் தள்ளியவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். மத்திய அரசின் குரூப் சி எனப்படும் கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. கணினியில் எழுத்துத் தேர்வு, அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. அவ்வளவுதான். 'அதிகாரியிடம் சொல்லி வைக்கிறேன்' என்பவருக்குச் சொல்லி வைக்க இடமே இல்லை. அடுத்த முறை அவர் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்தப் பதவி, விளம்பர எண் என்ன?' பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒருவேளை அவர் சொல்வது ஒப்பந்த வேலையாக இருக்கலாம். தளத்துக்குள் கட்டடப் பராமரிப்பு, மின்வேலை, துப்புரவு போன்றவற்றைக் கான்டிராக்டர்கள் எடுத்துச் செய்கிறார்கள். அவர்களிடம் சேரப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், கேட் பாஸ் வேண்டும், லட்சங்கள் வேண்டாம். அது அரசு வேலையும் அல்ல. ஒப்பந்தம் முடிந்தால் பாஸும் முடிந்தது.

இப்போது முன்னுரிமை விஷயம். கேட்க வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தளம் உங்கள் ஊரில் இருக்கிறது என்பதற்காக உங்கள் மகனுக்குத் தனி இடம் கிடையாது. பிறந்த இடத்தையோ குடியிருக்கும் இடத்தையோ வைத்து அரசு வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. அரக்கோணத்துப் பையனுக்கு ராஜாளியில் என்ன உரிமையோ, அதே உரிமை பாட்னா பையனுக்கும் உண்டு. பேரன் என்பதற்கும் ஒதுக்கீடு இல்லை. மத்திய அரசின் குரூப் சி பதவிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம் இருக்கிறது. ஆனால் அது படையில் இருந்தவருக்கு. அவர் வாரிசுக்கு அல்ல. இந்த ஒரு குழப்பத்தை வைத்தே தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அப்படியானால் பக்கத்தில் தளம் இருந்து ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். 1992-ல் ராஜாளி தொடங்கியதிலிருந்து பலரும் கேட்கும் கேள்விதான். லாபம் இருக்கிறது, ஆனால் வேலை உத்தரவு வடிவத்தில் அல்ல. குடும்பத்தோடு வந்து தங்குபவர்களால் வீட்டு வாடகை, மளிகை, பள்ளி எல்லாம் ஓடுகின்றன. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையத்தில் வெள்ளம் புகுந்து மூடியபோது, பயணிகள் விமானங்கள் சில ராஜாளி ஓடுதளத்திலிருந்துதான் கிளம்பின. அன்றைக்குத்தான் சென்னைக்காரர்கள் பலருக்கு அங்கே அத்தனை நீள ஓடுதளம் இருப்பதே தெரிந்தது. உச்சிப்புளியில் பருந்து, விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் என்று மற்ற கடற்படைத் தளங்களைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: தளத்தை வாடிக்கையாளராகப் பாருங்கள், வேலை கொடுக்கும் முதலாளியாக எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

சரி, மகனுக்கு வருவோம். அவனுக்கு மூன்று வழி தெரிகிறது.

சீருடை போட ஆசை என்றால் அக்னிவீர். நான்கு வருஷத்துக்குப் படையில் சேர்க்கும் இது 2022-ல் வந்த திட்டம். வயது பதினேழரையிலிருந்து 21 வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. அவனுக்கு 20 ஆகிவிட்டதால் அதிக நாள் இல்லை. பத்தாவது படிப்புக்கு எம்ஆர் (மெட்ரிக் ரெக்ரூட்) பிரிவு கிடைக்கும். சமையல், பரிமாறல், சுகாதாரம் சார்ந்த வேலைகள். எஸ்எஸ்ஆர் (சீனியர் செகண்டரி ரெக்ரூட்) பிரிவுக்கு கணிதம், இயற்பியலோடு பன்னிரண்டாவது வேண்டும். பயிற்சி ஒடிசாவில் சில்காவில். முதல் வருஷம் மாதம் 30,000, நான்காம் வருஷம் 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடிப்பார்கள், அரசும் அதே அளவு போடும். நான்கு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேலான தொகையோடு வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை. தாத்தாவுக்குக் கிடைத்த 'முன்னாள் படைவீரர்' அந்தஸ்தும் இல்லை. தாத்தா கதை கேட்டு ஆசைப்பட்டுப் போகிற பையனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, கடற்படையின் சிவிலியன் பதவிகள். ட்ரேட்ஸ்மேன் மேட் (கைத்தொழில் உதவியாளர்) போன்றவற்றுக்குப் பத்தாவதும் ஐடிஐயும் போதும். ஐஎன்செட் என்ற தேர்வு அறிவிப்பு கடற்படையின் இணையதளத்திலேயே வரும். தேறினால் ராஜாளியில்தான் போடுவார்கள் என்று எண்ண வேண்டாம். எங்கே காலியிடமோ அங்கே.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் ஊரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் ஆவடி. ராணுவத்துக்கான கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் அங்கேதான். 2021 அக்டோபர் முதல் அவை ஏவிஎன்எல் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. ஃபிட்டருக்கு அப்ரென்டிஸ் பயிற்சி தரும் இடங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி என்று சொல்லமாட்டேன். ஆனால் தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் கையில் இருந்தால் கதவுகள் கூடத் திறக்கும். ஐடிஐ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் தனியார் பட்டறைகளும் இருக்கின்றன. பாதுகாப்புத் துறை வேலை என்றாலே தளத்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கைத்தொழில் தெரிந்தவனுக்கு வேலை அதிகம் இருப்பது இந்தப் பட்டறைகளில்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மகன் அல்ல, மாமனாரின் வயது. 80 முடியும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். 85-ல் 30, 90-ல் 40 என்று அது ஏறும். அந்தக் கூடுதலுக்கும் அகவிலைப்படி உண்டு. தானாக வந்துவிடும் என்பார்கள். பிறந்த தேதி சரியாகப் பதிவாகியிருந்தால் வரும். அதனால் டிரங்குப் பெட்டியைத் திறந்து பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதிய உத்தரவை எடுங்கள். அதில் உள்ள பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளதும் ஒன்றுதானா பாருங்கள். அன்றைக்குப் பள்ளியில் சேர்க்கக் கொடுத்த தேதி ஒன்று, ஆதார் எடுக்க வந்தவரிடம் வாய்மொழியாகச் சொன்ன தேதி ஒன்று என்று இருப்பது வழக்கம். கையோடு படையினரின் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் கணக்கைத் திறந்து, 2024 ஜூலை 1 முதலான 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' (எப்போது ஓய்வு பெற்றாலும் அதே பதவி, அதே பணிக்காலத்துக்கு ஒரே ஓய்வூதியம்) திருத்தம் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 80 வயதானவர்கள் உயிர்வாழ் சான்றிதழை நவம்பருக்குக் காத்திருக்காமல் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினால் வீட்டிலேயே முடிந்துவிடும்.

மாமியார் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பி.பி.ஓ.வில் அவர் பெயர் இருக்கிறதா? எந்த எழுத்துக்கூட்டலில்? 'லட்சுமி'யை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ஒரு முறை ஒரு பாட்டி, கணவர் இறந்து பத்து மாதமாகியும் குடும்ப ஓய்வூதியம் வராமல் மஞ்சள் பையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். பைக்குள் எல்லாக் காகிதமும் இருந்தது, எல்லாவற்றிலும் அவர் பெயர் வேறு வேறாக இருந்தது. கணவர் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் தீர்ந்திருக்க வேண்டியது. மாலுமிகளின் பதிவேடுகள் மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் பணியகத்தில் இருக்கின்றன. திருத்தத்துக்கு எழுத வேண்டிய படிவங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள்.

அங்கே போகும்போது முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவ அட்டையைப் பற்றியும் கேளுங்கள். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் சந்தா கட்டாமலே உறுப்பினராகலாம். வயதைப் பார்த்தால் மாமனார் அதில் நிச்சயம் வருவார். இதுவரை சேராமல் இருந்தால் இத்தனை வருஷ மருத்துவச் செலவை நினைத்து வருத்தப்படாதீர்கள், இப்போதாவது சேருங்கள்.

விழாவைத் தாராளமாக நடத்தலாம். முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள் அது. நம் ஊரில் அன்றைக்குப் போகியோ பொங்கலோ வந்துவிடுவதால் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆனால் எல்லாரும் ஊருக்கு வந்திருக்கும் நாள், மாமனாரின் 80-ம் அதே மாதம்தான். அவரிடம் 71 போருக்காகக் கொடுத்த பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல்கள் இருந்தால் ரிப்பனை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுங்கள். பேச்சாளர்களைக் குறைத்துவிட்டு அவரைப் பேச விடுங்கள். விக்ராந்தின் தளத்திலிருந்து சீ ஹாக் போர் விமானங்கள் அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கக் கிளம்பிய நாட்களில் அந்தக் கப்பலில் இருந்தவர் அவர். பேரனிடம் சொல்லி அதைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். அன்றைக்கு அவர் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்பதே உங்கள் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.