சிங்கப்பூரில் சக்குலண்ட் செடிகளுக்குப் பருவத்துக்குப் பருவம் எப்படித் தண்ணீர் ஊற்றுவது?

உங்கள் கேள்வி இது: இணையத்தில் எங்கே பார்த்தாலும் "கோடையில் வாரம் ஒருமுறை, குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை" என்று போட்டிருக்கிறார்கள். நமக்குக் கோடையும் இல்லை, குளிரும் இல்லை. வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கும் ஜேட், ஹாவொர்தியா மாதிரி, தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்து வைக்கும் சக்குலண்ட் செடிகளுக்கு எந்தக் கணக்கில் ஊற்றுவது?

எந்த நாள் கணக்கும் வேண்டாம். தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். காய்ந்த தொட்டி கையில் பஞ்சு போல எழும்பி வரும், அன்றைக்கு ஊற்றுங்கள். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் ஆறு வருடம் வளர்த்த ஒரு ஜேடை இழந்தேன்.

ஈசூனில் ஒன்பதாவது மாடி எங்கள் வீடு. மூன்று வருடத்துக்கு முன்னால் டிசம்பரில் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். காலையில் குளித்து விளக்கேற்றியதும் ஒரு செம்புத் தண்ணீர் துளசிக்கு; செம்பில் மிஞ்சியது பக்கத்தில் இருந்த ஜேடுக்கு. வெளியே ஓயாத மழை. இரண்டு வாரம் போயிருக்கும், ஜேடின் இலைகள் சுருங்க ஆரம்பித்தன. "ஏண்டி, இது இப்படி வாடிக் கெடக்கே, உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் அம்மா. நானும் போய்ப் பார்த்தேன். கெட்டியாக இருக்க வேண்டிய இலை, விரலால் மடக்கினால் தோல் போல வளைந்தது. தாகம்தான் என்று நினைத்து அன்று நானும் ஊற்றினேன்.

ஜனவரியில் ஒருநாள் திரைச்சீலை உரசியதற்கே பத்துப் பன்னிரண்டு இலைகள் உதிர்ந்தன. அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போனது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பு. ஒரு வேரைப் பிடித்து இழுத்தபோது மேல்தோல் வழுக்கிக் கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் நின்றது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் வாடியிருக்கிறது, நாங்கள் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறோம். அம்மாவுக்கு அவ்வளவு வருத்தம். துளசிக்கும் முல்லைக்கும் அறுபது வருடம் ஊற்றிய கை அது. இந்தச் செடி வேறு மாதிரி என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செடிக்குள் தண்ணீர் குறைந்துவிட்டது என்பதைத்தான் சுருங்கிய இலை காட்டும். மண்ணில் தண்ணீர் இருக்கிறதா என்பதைத் தொட்டியின் எடைதான் சொல்லும். இலையும் சுருங்கி, தொட்டியும் லேசாக இருந்தால் தாகம். நன்றாக ஊற்றுங்கள், இரண்டு மூன்று நாளில் இலை நிமிர்ந்துவிடும். இலை சுருங்கியும் தொட்டி கனமாக இருந்தால் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், அன்றே வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். அடி இலைகள் மஞ்சளாகிக் கண்ணாடி போல ஆவதும் தண்ணீர் மிஞ்சியதற்கான அடையாளம்தான்.

எடையைக் கையாலேயே பழகிக்கொள்ளலாம். நான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கிறேன். என் ஹாவொர்தியா ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது. முழுக்க நனைத்து வடியவிட்டால் 480 கிராம், நன்றாகக் காய்ந்தால் 340. இந்த இரண்டு எண்களையும் தொட்டியின் அடியில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். 480 என்பது 340 ஆவதற்குப் பிப்ரவரியில் எட்டு நாள் பிடித்தது. அதே தொட்டி, அதே ஜன்னல், டிசம்பரில் இருபது நாள். வாரம் ஒருமுறை ஊற்றியிருந்தால் டிசம்பர் முழுக்க வேர் சேற்றில் நின்றிருக்கும்.

நம் ஊரின் பருவம் இதுதான். வெப்பநிலை வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை, தொட்டி காயும் வேகம் மாறுகிறது. வடகிழக்குப் பருவமழையின் முதல் பாதியான டிசம்பரும் ஜனவரியும்தான் ஆபத்தான காலம். டிசம்பரில் சராசரியாக 19 நாள் மழை. வெயிலும் குறைவு, காற்றில் ஈரமும் அதிகம். பிப்ரவரியில் சராசரி 9 நாள்தான், காற்றும் வீசும், அப்போது செடிகள் உண்மையாகவே தாகமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை பெய்தாலும் காலை வெயில் காயவைத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரிய வித்தியாசம் தெரியாது. தாழ்வாரத்தில் வைத்திருப்பவர்கள் மட்டும் விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்றோடு சாரல் உள்ளே அடிக்கும் என்பதை மறக்க வேண்டாம், அதுவும் ஊற்றிய தண்ணீர்தான்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் கவனியுங்கள், இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில், ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருக்கிறோம். மார்ச் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற ஆறு மாதம் தெற்கே. என் வீட்டுச் சமையலறை ஜன்னல் தெற்குப் பார்த்தது. ஜூனில் அங்கே நேர்வெயில் துளியும் கிடையாது. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். அதனால் ஏப்ரல் தொடக்கத்தில் எல்லாத் தொட்டிகளையும் வடக்கு அறைக்கு மாற்றுவேன், அக்டோபரில் திரும்பக் கொண்டுவருவேன்.

இங்கே ஏன் இவ்வளவு எளிதாக அழுகுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ஜேடும் ஹாவொர்தியாவும் தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் செடிகள். பகல் வெப்பத்தில் ஈரம் போய்விடாமல் இருக்க, இலைத் துளைகளை இரவில் திறந்து சுவாசிக்கும் வழக்கம் இவற்றுக்கு உண்டு. இங்கே இரவில்கூட 24, 25 பாகை செல்சியஸ். விடியும் நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். செடியிலிருந்தும் மண்ணிலிருந்தும் தண்ணீர் மெதுவாகத்தான் வெளியேறும். கடையில் வாங்கும்போது வரும் கருப்பு மண்ணோ தண்ணீரைப் பஞ்சு மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்கி வந்த வாரமே அதை உதறிவிட்டு, முக்கால் பங்கு பியூமிஸ் கல் (துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்), கால் பங்கு மண் என்று மாற்றுங்கள். ஊற்றும் முறையைவிட இந்த ஒரு மாற்றம்தான் என் செடிகளை அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், அடிவேருக்கு எட்டாது. கீழ்த்துளை வழியாக ஓடி வரும் வரை ஊற்றுங்கள், பிறகு தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வேருக்கும் நல்லது, ஏடிஸ் கொசுவுக்கும் இடமில்லை. காலையில் ஊற்றி மின்விசிறியைப் போட்டு வையுங்கள். ஹாவொர்தியாவின் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் திசுத்தாள் நுனியால் ஒற்றி எடுங்கள். எச்சவேரியா என்னும் ரோஜாப்பூ வடிவச் செடியை வாங்க ஆசைப்பட்டால், யோசித்து வாங்குங்கள். அவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோ மலைப்பகுதிச் செடிகள், நம் இரவுச் சூடு ஒத்துக்கொள்வதில்லை.

அழுகிப்போன ஜேடிலிருந்து ஒரு கிளை பிழைத்தது. வெட்டுமுகத்தில் பழுப்பு வளையம் இல்லாமல் முழுப்பச்சை தெரியும் வரை வெட்டிக்கொண்டே போனேன். ஒரு வாரம் மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, வெறும் பியூமிஸில் நட்டு, தண்ணீரே காட்டாமல் வைத்தேன். மூன்றாவது வாரம் மெல்ல இழுத்துப் பார்த்தபோது பிடித்துக்கொண்டு நின்றது. அன்றைக்குத்தான் முதல் தண்ணீர். இப்போது முழங்கை உயரம் இருக்கிறது. அம்மா ஒவ்வொரு முறை வீடியோ காலில் வரும்போதும், "அதைத் திருப்பிக் காட்டு" என்பார்.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். மூன்று வாரம்தானே? புறப்படுவதற்கு ஐந்தாறு நாள் முன்பே ஊற்றி நிறுத்திவிடுங்கள், ஜன்னலில் மழைச்சாரல் படாத பக்கம் நகர்த்தி வையுங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தால் துளசிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.